நாலாம் நம்பர் நிற்கும் இடம்

ரோண்டா தன் அப்பாவை இரண்டு கையாலும் தூக்கி, முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் செருகினாள். எலும்பும் தோலுமாகிவிட்ட உடம்பு, ஆனாலும் கனத்தது. டெல்பர்ட் ஹேகன் மூச்சு வாங்கி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"புது ஸ்டேஷன் படத்தக் கொண்டா. நம்ம நாலாம் நம்பர் பஸ்ஸு எங்க நிக்கும்னு காட்டு."

இரண்டு வாரமாக அவள் மழுப்பிக்கொண்டிருந்தாள். படம் காரில் இருக்கிறது என்பாள், ஆபீஸில் மறந்துவிட்டேன் என்பாள். மார்ஷ்ஃபோர்ட் நகராட்சியின் திட்டப் பிரிவில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. அதில் கடைசி மூன்று வருடம் முழுக்க ஊர் நடுவில் வரப்போகும் புது பஸ் நிலையம்தான். நீதிமன்றத்துக்கு எதிரே, மரச்சாமான் கடையை இடித்த இடத்தில் எட்டு மேடை, ஹீட்டர் போட்ட காத்திருப்புக் கூடம், கழிப்பறை. இப்போது பஸ்ஸுக்குக் காத்திருக்க என்று இருப்பது மூன்று பெஞ்சும் ஒரு தகரக் கூரையும். ஜனவரிப் பனியில் அந்தக் கூரைக்குக் கீழே ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும், அந்தக் கூடத்தின் அருமை. அன்று செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு மணிக்கு நகரமன்றத்தில் அதற்கு ஓட்டெடுப்பு.

அப்பா அந்த ஊரில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். அதில் பாதிக்கு மேல் நாலாம் நம்பர். போன வசந்தத்தில் நுரையீரலில் புற்று என்று கண்டுபிடிக்கும்வரை வண்டியை விட்டு இறங்கவில்லை. காலையில் வந்துபோன நர்ஸ், வாசலில் வைத்து ரோண்டாவிடம் மெதுவாகச் சொல்லியிருந்தாள், இன்றைக்கோ நாளைக்கோதான் என்று. இப்படிக் கிடக்கிற மனுஷனிடம் இன்னும் என்ன மழுப்பல் வேண்டிக்கிடக்கிறது என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"நாலு உள்ள வரலப்பா. மார்ச்சோட நிறுத்துறாங்க."

"யாரு?"

"மேடை எட்டுதான், பஸ்ஸு ஒம்போது. ஆள் கொறைவா ஏறுற வண்டிய எடுத்துட்டோம்." நிறுத்துறாங்க என்று ஆரம்பித்து எடுத்துட்டோம் என்று முடித்தது அவளுக்கே உறைத்தது. "நாள் முழுக்கப் பதினோரு பேர்தான்ப்பா ஏறுறாங்க."

அவள் கேலி செய்வதாக நினைத்து அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிடம் பிடித்தது. வாயைத் துடைத்துவிட்டதும் சொன்னார், கோழி ஆலை ஆட்களே முதல் ட்ரிப்பில் இருபது பேர், அப்புறம் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், திங்கட்கிழமையானால் ஜெயிலிலிருந்து விட்டவர்கள். எந்த மடையன் எண்ணினான் என்று கேட்டார். அவருக்கு நோய் தெரிவதற்கு முந்தின அக்டோபரில், பஸ்ஸில் காசு போடும் மெஷினே எண்ணியது என்றாள். அந்த அக்டோபரில் வண்டியை ஓட்டியது அவர்தான்.

டெல்பர்ட் கூரையைப் பார்த்தார்.

"நான் பட்டன அமுக்கலம்மா," என்றார்.

காசு போடுகிறவனை மெஷின் தானே எண்ணிக்கொள்ளும். காசு போடாமல் ஏறுகிறவனுக்கு டிரைவர் பட்டனை அமுக்க வேண்டும். ஆனால் ஒரு ட்ரிப்பில் ஐந்தாறு தடவைக்கு மேல் அமுக்கினால் மேலதிகாரி கூப்பிட்டு, உன் வண்டி என்ன தர்ம சத்திரமா என்பார். அதனால் டெல்பர்ட் அமுக்கவே இல்லை. கையில் காசில்லாமல் படிக்கட்டில் தயங்குகிறவர்களை இரண்டு விரலை ஆட்டி, ஏறு ஏறு என்று உள்ளே விட்டுவிடுவார். பதினாலு வருடம். பனியில் ஒருவரையும் நிற்க விட்டதில்லை என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. அவர் இரக்கப்பட்டு ஏற்றிய அத்தனை பேரும் காகிதத்தில் இல்லாத ஆட்களாகிப் போனார்கள்.

ரோண்டாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது. கல்லூரி நாட்களில் அதே வண்டியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனவள் அவள். அந்தப் பதினொன்றைப் பார்த்த அன்றைக்கே இது பொய் என்று சொல்லியிருக்க வேண்டாமா? கண்ணால் கண்டதை விட்டுவிட்டு அட்டவணையை நம்பினாள். அட்டவணை அவள் கையால் போட்டது, அதுவும் அழகாகப் போட்டது.

"இன்னிக்கு சாயங்காலம் போயி சொல்லு," என்றார் அப்பா. "என் பேரச் சொல்லு. மெஷின் மேல தப்பில்ல, எங்கப்பன் அமுக்கலன்னு சொல்லு. சொன்னாத்தான் நம்புவாங்க."

"உன்ன இப்படி விட்டுட்டா?"

"நான் எங்க ஓடிரப் போறேன். போம்மா."

கணக்கைத் திருத்த முடியுமா என்று கேட்க, திட்டப் பிரிவில் தன் மேலதிகாரியான கீத்துக்குப் போன் செய்தாள். நல்ல மனிதர்தான். அப்பாவின் உடம்பைத்தான் முதலில் விசாரித்தார். அப்புறம் சொன்னார், அந்தக் கணக்கை வைத்துத்தான் நிலையத்துக்குப் பணம் கேட்டு வாஷிங்டனுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, இனிமேல் ஒரு எண்ணைத் தொட்டாலும் மொத்தமும் ஊற்றி மூடிக்கொள்ளும். ஊழியராகப் பேச முடியாது, வேண்டுமானால் பொதுமக்களில் ஒருத்தியாகப் பெயர் கொடுத்து மூன்று நிமிடம் பேசு என்றார்.

இரண்டு வீடு தள்ளி இருந்த வில்மா டாக்கெட்டைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினாள். வில்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், சர்க்கரையில் கண் பாதி போய்விட்டது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதும் நாலாம் நம்பரில்தான்.

நகரமன்றக் கூடத்தில் ரோண்டாவின் பெயர் ஒன்பதாவதாக வந்தது. மைக்கின் முன்னால் ஒரு சின்ன விளக்கு. பேசலாம் என்றால் பச்சை, நேரம் முடியப்போகிறது என்றால் மஞ்சள், முடிந்தால் சிவப்பு. நாலாம் நம்பரின் கணக்கு தப்பு, அந்த வண்டி நிரம்பித்தான் போகிறது, தன் கண்ணால் பார்த்தது என்றாள். உறுப்பினர்களில் ஒருவர் பல் டாக்டர், அவளுக்குச் சிறு வயதில் பல் பிடுங்கியவர். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அன்பாகவே கேட்டார்.

"எப்பிடித் தப்பாச்சு ரோண்டா? மெஷின் கோளாறா?"

முன்வரிசையில் ஊர்ப் பத்திரிகைக்காரப் பெண் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். நாளைக்கோ மறுநாளோ அதே பத்திரிகையில் அப்பாவின் இரங்கல் செய்தி வரும். டெல்பர்ட் ஹேகன், இருபத்தாறு வருடம், ஒரு புகார் கிடையாது. அதே பக்கத்தில் இதுவும் வரும். சாகக் கிடக்கிறவரை இத்தனை பேர் முன்னால் எப்படிக் காட்டிக்கொடுப்பது? சொல்லச் சொன்னவரே அவர்தான். ஆனாலும் ரோண்டா அந்தப் பேனாவையே பார்த்தாள்.

"மெஷினாத்தான் இருக்கும்," என்றாள்.

கீத் எழுந்து, எண்ணுவதற்கு முந்தின மாதம், செப்டம்பரில்தான் எல்லா மெஷினையும் பரிசோதித்தோம், சான்றிதழ் இருக்கிறது என்றார். பொய் இல்லை. விளக்கு இன்னும் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. ரோண்டா நன்றி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். உறுப்பினர்கள் ஏழு பேரும் கை தூக்கினார்கள். கூடத்தில் கைதட்டினார்கள், பக்கத்தில் இருந்தவர் அவள் தோளைத் தட்டி, மூணு வருஷ உழைப்பு ஜெயிச்சிருச்சு என்றார்.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். வில்மாவின் மடியில் போன் இருந்தது. நாலாம் நம்பரில் போகிறவர்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக் கொடுக்கச் சொல்லி, அப்பா பேச முடிந்த மட்டும் பேசினாராம். பயப்படாதீர்கள், என் மகள் போயிருக்கிறாள் என்று.

"சொன்னியா?" என்றார் அப்பா. குரல் காற்றாகத்தான் வந்தது.

"சொன்னேன்."

"என் பேர?"

"ம்."

"நாலு?"

வில்மா பாதிக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள வருதுப்பா," என்றாள் ரோண்டா.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பல நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் சுளிப்பு இல்லை. அதற்கப்புறம் அவர் பேசவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அவர் உதட்டை நனைத்த பஞ்சை அலசிக்கொண்டு வரலாம் என்று அவள் சமையலறைக்குப் போன நேரத்தில் போய்விட்டார். கடைசிவரைக்கும் ஏமாற்றி அனுப்பிவிட்டேனே என்று ரோண்டா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

வியாழக்கிழமைப் பத்திரிகையில் புது நிலையத்தின் வண்ணப்படம் பெரிதாக வந்தது. ஒருமனதாக ஒப்புதல் என்று போட்டிருந்தார்கள். எந்த பஸ் வரும், எது வராது என்று ஒரு வரி இல்லை. அதை அறிவிப்பாக எழுதி நிறுத்தம் நிறுத்தமாக ஒட்ட வைப்பது திங்கட்கிழமை ரோண்டாவின் வேலை. கீத் போன் செய்து, வேறு யாரையாவது எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு டார்செட் சாலை தேவாலயத்தில் அடக்கம். சொந்தம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அம்மா எப்போதோ விலகிப் போய் வேறு மாநிலத்தில் இருந்தாள், பூ மட்டும் அனுப்பியிருந்தாள். ஒரு பத்து இருபது பேர் வந்தால் அதிகம் என்றுதான் ரோண்டா முன்வரிசைகளில் மட்டும் பாட்டு அச்சிட்ட தாள் வைக்கச் சொல்லியிருந்தாள். இரண்டே முக்காலுக்கு வாசலில் நாலாம் நம்பர் நின்றது. இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஷிப்ட் முடிந்த கையோடு ரப்பர் பூட்ஸில் வந்த கோழி ஆலை ஆட்கள், ஊன்றுகோல் வைத்திருந்தவர்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி, கோட்டுக்கு மேல் கோட்டாகப் போட்டிருந்த ஒரு கிழவர். பெஞ்சுகள் நிரம்பிப் பின்சுவரோரம் நின்றார்கள்.

ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை, உடனே அவளைப் பற்றி இரண்டு வார்த்தை. நல்லாயிருப்பே, எங்களுக்காகப் போய்ப் பேசினியே, பத்திரிகையில பாத்தோம். பூட்ஸ்காரர் ஒருவருக்கு இங்கிலீஷ் சரியாக வரவில்லை, அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். ரோண்டாவுக்கு எங்கேயாவது ஓடி ஒளிய வேண்டும்போல இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

போதகர் நிதானமாகப் பேசுகிறவர். நாலரை மணிக்கு இன்னும் ஒரு பாட்டும் ஜெபமும் பாக்கி. சவப்பெட்டியை இன்னும் கல்லறைக்குத் தூக்கவில்லை. முதலில் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார், அப்புறம் அந்த வரிசை, அப்புறம் அதற்கு முந்தையது. போதகர் வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். யாரும் சத்தம் போடவில்லை, கோட்டுப் பொத்தான்களை மாட்டிக்கொண்டே பெட்டியைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு வெளியே போனார்கள். சனிக்கிழமை கடைசி பஸ் நாலு நாற்பதுக்கு. அதை விட்டால் திங்கட்கிழமைதான்.

ரோண்டா கோட்டு போடாமலே அவர்கள் பின்னால் போனாள். வேலியோரம் நீளமாக வரிசை நின்றது. உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். இப்போது சொல்லாவிட்டால் திங்கட்கிழமை பஸ் நிறுத்தக் கம்பத்தில் படிப்பார்கள். பஸ் வளைவில் தெரிந்தது.

வரிசையில் முதலாவதாக நின்ற வில்மா அவள் முழங்கையைப் பற்றினாள்.

"ஏம்மா, புது ஸ்டேஷன்ல நம்ம பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்கும்? எனக்குத்தான் கண்ணு தெரியாதே. இப்பவே கேட்டு வச்சுக்கிட்டா அன்னைக்குத் தடுமாற வேண்டாம் பாரு."

பஸ் வந்து நின்று கதவு திறந்தது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது.

"உள்ள நுழைஞ்சதும் மொத மேடை," என்றாள் ரோண்டா. "ஹீட்டருக்குப் பக்கத்துல."

வில்மா திருப்தியாகத் தலையாட்டினாள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே பின்னால் திரும்பி, "மொத மேடையாம், ஹீட்டர் பக்கத்துலயாம்," என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற கிழவர் அடுத்தவளிடம் சொன்னார். அவள் குழந்தையை இடம் மாற்றிக்கொண்டு அடுத்தவருக்குச் சொன்னாள். ரப்பர் பூட்ஸ்காரர் தன் மொழியில் தன் கூட்டாளிகளுக்குச் சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வரிசை நகர நகர அந்தச் சேதி வேலியோரமாகக் கடைசிவரை போனது.

தேவாலயப் படியிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், பெட்டியைத் தூக்கலாமா என்று கேட்டார்கள். கதவு மூடி பஸ் கிளம்பியது. ஜன்னல்களில் கைகள் ஆடின. ரோண்டாவும் கையை ஆட்டினாள்.