இறக்காத கை

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட விஷயமாகப் பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கப் போகிறார்களாம். கோலார் தங்கவயலில் அந்த நேரத்துக்குப் பெற்றோர் என்று யார் இருக்கிறார்கள்? சுரங்கத்தை மூடியதிலிருந்து ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். விடிவதற்குள் ரயிலேறினால் இருட்டிய பிறகே திரும்புவார்கள். பகலில் சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் மிஞ்சுவது பென்ஷன்காரர்களும் காய்ச்சல்காரர்களும். அழைப்பை அனுப்பியவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் அந்த நேரத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று அன்புச்செல்வி நினைத்தாள்.

அவள் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். கணவன் இறந்து சில வருஷமாகிறது. தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் சுரங்கக் காலத்து லைன் வீட்டில் அவளும் ஐந்தாவது படிக்கும் மகள் சங்கமித்ராவும் மட்டும்தான். அம்மா ரயிலேறிப் போன பிறகு பெண் தானே எழுந்து, தானே சடை போட்டு, கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பின்லைனில் இருக்கும் அரசுப் பள்ளிக்கு நடந்து போவாள். வழியெல்லாம் தெரிந்த வாசல்கள். "இன்னா கண்ணு, சாப்டியா?" என்று கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். அந்தக் கேள்விகளை நம்பித்தான் அன்புச்செல்வி நிம்மதியாக மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

அதில்தான் மண் விழப்போகிறது. புதிதாகக் கல்விக் கொள்கை ஒன்று எழுதுகிறார்கள். பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிகளையெல்லாம் மூடி, பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவது அதில் ஒரு பகுதி. இந்தப் பள்ளி போனால் பேத்தமங்களா ரோட்டில் இருக்கும் பெரிய பள்ளிக்குத்தான் போக வேண்டும். இடையில் கம்பிவேலி போட்ட பழைய சுரங்க ஷாஃப்ட் குழி, சீமைக்கருவேலம் மண்டிய காடு, ஆளில்லாத ரோடு. ஒன்று, பத்து வயதுப் பெண் அதில் தனியாக நடக்க வேண்டும். இல்லையென்றால் அம்மா வேலையை விட வேண்டும். மூன்றாவது வழி அன்புச்செல்விக்குத் தெரியவில்லை.

ரயிலில் பெண்கள் பெட்டியில்தான் இதைப் பேசி முடிவெடுத்தார்கள். அந்தப் பெட்டியில் எல்லா முடிவும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டேதான் எடுக்கப்படும். ராத்திரி வீட்டுக்குப் போனதும் அடுப்பில் ஏற்ற வேண்டுமே, அதனால் எல்லார் டிபன் பையிலும் ஒரு கத்தி கிடக்கும்.

"நீ போடி செல்வி. ஒருநாள் லீவு போடு. எங்க எல்லாருக்கும் சேத்து நீ பேசிட்டு வா," என்றாள் ரத்தினம்மா. பெட்டியில் மூத்தவள் அவள்தான். அவளுடைய பேரன்கள் இரண்டு பேரும் அதே பள்ளியில் படித்தார்கள்.

"இன்னாக்கா பேசறது?"

"ஒரே வார்த்த. நாங்க இருட்டுல ரயிலேறுறோம். எங்க பசங்க தனியா நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம் இருக்கணும். அவ்ளோதான். நீட்டி முழக்காத."

ஒப்புதல் கேட்டபோது பெட்டியே எழுந்து நின்றது. இது சுரங்க யூனியன் காலத்து முறை. பேச வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை இறக்கக் கூடாது, இறக்கினால் முறை போய்விடும். ஒப்புதல் என்றால் எழுந்து நிற்க வேண்டும். அன்புச்செல்வியின் அப்பா தங்கவேலு யூனியனில் இருந்தவர். அவர்கள் லைனில் புத்த விகாரைக் கமிட்டி இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. ரயிலில் மட்டும் ஒரு சிக்கல். "சீட்டு கெடைக்காம நிக்கிறவங்க எல்லாத்துக்கும் சரின்னு சொன்ன மாதிரி ஆயிடுமேக்கா," என்று பவ்யா கிண்டல் செய்வாள். பவ்யா ஐ.டி. கம்பெனி ரிசப்ஷனில் இருப்பவள், வாய்க்காரி.

கூட்டம் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தாள் அன்புச்செல்வி. சுற்றிப் பார்த்தால் பாதிப் பேர் பெற்றோரே இல்லை. சுய உதவிக் குழுவிலிருந்து அழைத்து வந்தவர்கள், யாரோ கவுன்சிலரின் ஆட்கள், சித்ரான்னப் பொட்டலத்துக்கு வந்தவர்கள். மேடையில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கல்வி இலாகா அதிகாரி தாமதமாக வந்தார். வந்ததும் அவருக்குச் சால்வை. பிறகு காதோரம் மைக் மாட்டிய ஓர் இளைஞன், பெங்களூரிலிருந்து வந்த ஆலோசகனாம், எல்லாருக்கும் மெழுகுக் கலர் பென்சில் கொடுத்து, "உங்கள் கனவுப் பள்ளியை வரையுங்கள்" என்றான். பிள்ளை பெற்ற பொம்பளைகள் கையில் கலர் பென்சிலைக் கொடுத்துக் குடை, பூ, சூரியன் வரையச் சொல்கிறான் பாருங்கள். இவன் அம்மாவிடம் போய் இப்படிக் கேட்பானா?

அன்புச்செல்வி வரையவில்லை. கையைத் தூக்கினாள்.

"சொல்ப இரி அம்மா," என்றான் அவன் கன்னடத்தில், சிரித்தபடியே. கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் நேரம் உண்டு.

அவள் கையை இறக்கவில்லை. தோள் கடுத்தபோது இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். படங்களை வாங்கிச் சுவரில் ஒட்டினார்கள், ஒரு பாட்டுப் போட்டார்கள், அவன் திரையில் வண்ண வண்ணக் கட்டங்கள் காட்டினான். கட்டத்தில் ஸ்மார்ட் போர்டு இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, சிரிக்கிற பிள்ளை இருந்தது. நடக்க வேண்டிய தூரம் எதிலும் இல்லை. மூடுவது என்ற சொல்லே எங்கும் இல்லை; இணைப்பாம்.

கடைசியில் அவன் உற்சாகமாகக் கேட்டான்: "நம் பிள்ளைகளுக்கு எல்லா வசதியும் உள்ள பெரிய பள்ளி வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்!"

மண்டபமே கையைத் தூக்கியது. யார் வேண்டாம் என்பார்கள்? கேமரா இரண்டு முறை மின்னியது. அன்புச்செல்விக்குக் கேள்வி புரியாமல் இல்லை. இப்போது இறக்கினால் இவ்வளவு நேரம் காத்திருந்த முறை போய்விடுமே, இதோ அடுத்து நம்மைத்தானே கூப்பிடப் போகிறான் என்று நினைத்தாள். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

"தேங்க்யூ! ஊட்டா ரெடி!" என்று சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டு அவன் மைக்கைக் கழற்றினான்.

அவள் அதிகாரியிடமே போனாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே அந்த ஒரு வார்த்தையைக் கன்னடத்தில் சொன்னாள், நீட்டி முழக்காமல். அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கி, "நோட் பண்ணிக்கிறேன்மா," என்றார். மஞ்சள் சாதம் ஒட்டிய விரல்கள். பேனாவும் இல்லை, குறித்துக்கொள்ள ஆளும் இல்லை. அடுத்த கவளத்தை உருட்டினார். அன்று அவள் அங்கே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் ரயிலில் பவ்யா போனை நீட்டினாள். இலாகாவின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்: பள்ளி இணைப்புக்குப் பெற்றோர் ஏகமனதாக ஆதரவு. கீழே படம். முதல் வரிசையில், எல்லாரையும்விட உயரமாக, அன்புச்செல்வியின் கை.

ரத்தினம்மா நறுக்குவதை நிறுத்தினாள். "இன்னாடி இது?"

"பேசறதுக்குத் தூக்குனேன்க்கா. கூப்புடவே இல்ல. நான் எறக்கல."

"அவங்களுக்கு இன்னா தெரியும் நம்ம மொற? அந்தக் கேள்வி கேக்கும்போதாவது எறக்கித் தொலைக்கக் கூடாதா?"

சிலர் நம்பினார்கள். சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கூட்டம் முழுக்கக் கையைத் தூக்கிவிட்டு, எதிரி பக்கம் சாட்சி சொன்னவளாகத் திரும்பி வந்திருந்தாள். ஏமாற்றியவன் மேல் வந்த அருவருப்பு அன்றைக்குத் தன் மேலேயே கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

ஜூனில் பள்ளியைப் பூட்டினார்கள். வேன் வரும் என்றார்கள். பாதி நாள் வரவில்லை. வராத நாளில் சங்கமித்ராவும் ரத்தினம்மாவின் பேரன்களும் ஷாஃப்ட் ஓரமாக நடந்தார்கள். மிஷினில் உட்கார்ந்த அன்புச்செல்வி காலரைத் தலைகீழாக வைத்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள்.

அந்த வாரமே ஆலோசகன் போன் செய்தான். தேசிய அளவிலான அறிக்கையில் அவள் படம் அட்டையில் வருகிறதாம். பெங்களூரில் விழா, மேடையில் அவள்தான் பெற்றோர் பிரதிநிதி. பேச வேண்டியதை அவர்களே எழுதித் தருவார்களாம்.

"அன்னைக்கு நான் கைய தூக்குனது இன்னாத்துக்குன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள்.

"உங்க ஆதரவுக்கு ரொம்ப நன்றி மேடம்," என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கமித்ரா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்லைனுக்குப் போனாள். பூட்டிய பள்ளியின் கேட்டில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர். 'பெற்றோரின் குரலே எங்கள் கொள்கை' என்று கன்னடத்தில் கொட்டை எழுத்து. அதன் கீழே ஆளுயரத்துக்கு அன்புச்செல்வி, கையைத் தூக்கியபடி. பெண் தினமும் வேனுக்குக் காத்திருப்பது இந்த இடத்தில்தான்.

"பசங்க எல்லாம் உங்கம்மாதான் பூட்டுனாங்கன்றாங்கம்மா. நீ எதுக்கும்மா கைய தூக்குன?"

"பேசறதுக்குடி."

"பேசுனியா?"

அன்புச்செல்வியின் தோளில் டிபன் பை இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் என்று காலை ஷிப்ட் போய் வந்திருந்தாள். பையிலிருந்து பீன்ஸ் நறுக்கும் கத்தியை எடுத்தாள். கேட்டின் குறுக்குக் கம்பியில் ஏறி, படத்தில் இருந்த தன் தோளில் கத்தியை வைத்து மேல்நோக்கிக் கிழித்தாள். ஃபிளெக்ஸ் கரகரவென்று அறுந்தது. விரல்களைச் சுற்றி அவசரப்படாமல் அறுத்தாள்.

அதற்குள் வாட்ச்மேன் டென்சில் ஓடி வந்தார். "ஏம்மா, ஏம்மா! கவர்மெண்ட் பேனர்மா அது! எம் மேல கேஸு வரும்!"

"பேனரு அவங்களுது. நீங்களே வெச்சிக்கோங்கண்ணே," என்றாள் அவள் இறங்கியபடி. "கை என்னுது."

அறுத்த கையைச் சுருட்டிப் பையில், மீதி பீன்ஸுக்கு மேலே வைத்தாள். மறுநாள் வீடு திரும்பும் ரயிலில், பெண்கள் பெட்டியில் அதை விரித்துக் காட்டி, ஆலோசகனின் போன் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "அன்னைக்குப் பேச விடாதத இப்ப பேசறேன், சரியாக்கா?" என்று கேட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரத்தினம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். பிறகு பவ்யா நின்றாள். சீட்டு கிடைத்தவர்களும் நின்றார்கள்.