ஒரு வீடு, ஒரு புள்ளி

கணக்கு டீச்சருக்கு மனிதர்கள் எல்லாரும் புள்ளிகள். பழக்கம் என்பது இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் கோடு. "பக்கத்துப் புள்ளிகளுக்குள்ள மட்டும் கோடு இருந்தா உலகம் பெருசுதான். குறுக்கே நாலு நீளக்கோடு விழட்டும், யாரையும் ஆறு கை மாறுறதுக்குள்ள பிடிச்சிடலாம்" என்று கல்லூரியில் அடித்துச் சொல்வாள்.

இப்போது அவளே ஒருவனைப் பிடிக்க வேண்டியிருந்தது. அம்மாவோடு சண்டை போட்டுப் பதினோரு வருடத்துக்கு முன் போன தம்பி. ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மா கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அவனைத்தான் கேட்டாள். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"தேடாத இடமில்ல, விட்டுத்தள்ளு" என்றார் கணவர். அவளா விடுவாள்? தம்பியின் படமும் தன் போன் நம்பரும் ஒட்டிய இருபது அட்டைகளைத் தெரிந்தவர்களிடம் கொடுத்தாள். வாங்குகிறவர் ஒவ்வொருவரும், அவனை அறிந்திருப்பார் என்று தோன்றுகிற அடுத்தவருக்கு அதைக் கொடுக்க வேண்டும். கொடுக்குமுன் கையெழுத்துப் போட வேண்டும். கணவருக்கு மட்டும் அட்டை இல்லை. வரைபடத்தில் ஒரு வீட்டை ஒரே புள்ளியாக வைப்பது அவள் வழக்கம். தனக்குத் தெரியாத யாரை அவருக்குத் தெரிந்துவிடப் போகிறது?

நாலு நாளாவது ஆகும் என்று நினைத்தாள். மறுநாள் மாலையே போன் வந்தது.

"அக்கா, நான்தான். அட்டை கெடைச்சுது. தையல்காரர், லாரி டிரைவர், எங்க மெக்கானிக்னு மூணு கையெழுத்து."

"அடப்பாவி!" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தன. "கணக்கு பலிச்சிடுச்சுடா!"

"இவ்வளவு சுத்துவானேன்? மாமாகிட்ட குடுத்திருந்தா ஒரே கைதானே?"

"எந்த மாமா?"

"என்னக்கா, உன் வீட்டுக்காரர்தான். மாசாமாசம் பாக்கறோமே. நீயும் அம்மாவும் என் முகத்துல முழிக்க மாட்டீங்கன்னு அவர்தானே சொன்னார்? போன வாரம்கூட, அம்மா நல்லா இருக்காங்கன்னார்."

அவள் நிமிர்ந்தாள். எதிரே நாற்காலியில் கணவர் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நெசமா?"

"வந்தா பழைய சண்டைதான். வீடு நிம்மதியா இருக்கட்டுமேன்னு..."

இந்தப் பதினோரு வருடமும் ஒரே பாயில் படுத்த மனிதர். அவளால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"அக்கா, அம்மா இருக்காங்கல்ல?" என்றான் தம்பி போனில்.

"இருக்காடா. ஆஸ்பத்திரிக்கு ஓடி வா."

கணவர் வண்டிச் சாவியை எடுத்தார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு தனியாகப் படியிறங்கினாள்.