மேடையில் மூன்று மொட்டை

இரண்டு தலைகளை முடித்துவிட்டேன். மூன்றாவது அவனுடையது.

பள்ளிக்கூட அரங்கில் எள் போட இடமில்லை. புற்றுநோய் வார்டுக்காகப் பிள்ளைகள் தெருத்தெருவாக ஏறி இறங்கி நிதி சேர்த்திருந்தார்கள். சொன்ன தொகை சேர்ந்தால் கால்பந்து கிளப் ஆட்டக்காரர்கள் மூன்று பேர் மேடையிலேயே மொட்டை போட்டுக்கொள்வதாகப் பேச்சு. சேர்ந்துவிட்டது. மழிக்க ஆள் தேடியபோது கூலி வேண்டாமென்று நானே போய் நின்றேன். நல்ல மனசு என்றார் தலைமையாசிரியை. அது எப்பேர்ப்பட்ட மனசு என்று எனக்குத்தான் தெரியும். சுவரொட்டியில் அவன் முகத்தைப் பார்த்த அன்றே என் சலூனுக்குப் போய் மெஷினில் புது பிளேடு மாட்டியவள் நான்.

முதலில் உட்கார்ந்த கோல்கீப்பர், "மெதுவாம்மா, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல" என்றான்.

"இனிமே எங்கண்ணே ஆகப்போவுது!" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள். அரங்கமே சிரித்து உருண்டது. அவன் அடையாளம் கண்டுகொள்ளாமலிருக்க மாட்டியிருந்த முகமூடிக்குள் நானும் சிரித்தேன்.

மூன்றாவதாக வந்த அவன் உட்காருமுன் மைக்கைப் பிடித்தான். என் அக்காவின் புருஷன். நான் பார்க்காத ஆறு வருஷத்தில் கன்னம் பூரித்திருந்தது.

"என் மனைவிக்கு முடி கொட்ட ஆரம்பிச்சப்ப, அவ தலைய மடியில வச்சு நானே என் கையால மழிச்சு விட்டேன். அன்னிக்கு ரெண்டு பேரும் அழுதோம்."

டீச்சர்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

மடியில் வைத்தது நான். குளியலறையில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து. அக்கா அழவுமில்லை. "அவருக்கு மேட்ச் இருக்குடி, முடிஞ்சதும் வந்துடுவாரு" என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்ச் முடிந்தது. சீசன் முடிந்தது. அவளும் முடிந்தாள். இப்போது அந்தக் குளியலறையையும் தனதென்று சொல்லி எடுத்துக்கொண்டான்.

துணியைக் கழுத்தில் கட்டினேன். "கொஞ்சம் லூசா கட்டும்மா" என்றான். கட்டவில்லை. இடப்பக்கத்தை மட்டும் நெற்றியிலிருந்து பிடரிவரை வழித்துவிட்டு, மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவதுதான் என் திட்டம். நாளைக்கு எல்லாப் பேப்பரிலும் அந்தப் பாதி மண்டை வரட்டும்.

இடப்பக்கம் முடிந்தது. மெஷினை நிறுத்தினேன். நான் களைத்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, தலைமையாசிரியை, "சலூன்காரம்மாவும் ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று மைக்கை நீட்டினார்.

முகமூடியைக் கழற்றினேன். அவன் திரும்பிப் பார்த்தான். பூரித்த கன்னம் தொங்கியது.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அக்காவுக்குத் தலையில ஒரு மச்சம். புளியங்கொட்டை அளவு. முடி போனப்புறந்தான் எங்க யாருக்குமே தெரிஞ்சுது. மழிச்சு விட்டவங்க கண்ணுல படாம போகாது. எந்தப் பக்கம் மாமா?"

அவன் உதடு மட்டும், "வேணாம்டி" என்றது. மைக்கை அவன் வாய்க்கு நேரே பிடித்தேன்.

பிள்ளைகளுக்கு இதுவும் வேடிக்கையில் சேர்த்தி. "சொல்லுங்கண்ணே!" என்று ஒருவன் எழுந்து நின்றான். முன்வரிசையில் சிலர் தங்கள் தலையை இடப்பக்கம் தொட்டுக் காட்டினார்கள், சிலர் வலப்பக்கம். டீச்சர்கள் கைக்குட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள்.

துணிக்குள்ளிருந்து அவன் கை வெளியே வந்தது. மொட்டைப் பக்கத்தில் நின்றது. பிள்ளைகளின் கைகளைப் பார்த்துக்கொண்டே முடி இருந்த பக்கம் நகர்ந்தது. பிறகு மறுபடியும் இந்தப் பக்கம்.