எரித்த நோட்டுகள்

என் உழவு ஜோடியில் ஒரு மாடு செத்துவிட்டது. கருங்குழியில் ஒரு காளையைப் பேசி வைத்துவிட்டு, எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டேன்.

குமாஸ்தா பாஷ்யம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "முன்னே வாங்கின கடனைத் தீர்த்ததுக்கு அத்தாட்சி இருக்கா?"

கடலை மண்டி ஜெயினுலாபுதீன் பாயிடம் விதைக்காக மூன்று முறை கடன் வாங்கி, மூன்றையும் தவணைக்கு முன்பே அடைத்தவன் நான். அவர் கிழித்துக் கொடுத்த புரோநோட்டுகளை அன்றன்றே அடுப்பில் போட்டுவிட்டேன். கிழித்ததை ஒட்டி மறுபடி நீட்டும் ஆட்களைப் பார்த்தவன்.

"எரிச்சிட்டேன் சாமி."

"அப்போ உம்மை எப்படி நம்பறது? பட்டாபி எல்லா நோட்டையும் பத்திரமா வச்சிண்டிருக்கார். அவருக்குக் கடன் கொடுத்தாச்சு."

பட்டாபி, ஜப்திக்குக் கோர்ட் அமீனா வந்து நின்ற பிறகே பணம் கட்டுகிறவன்.

"அவரு எப்போ கட்டுனாருன்னு அதுல தேதி போட்டுக்கீதான்னு பாத்தீங்களா?" என்றேன். பாஷ்யம் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நேரே மண்டிக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் பாய் கல்லாவைப் பூட்டினார். "உன்னிய நம்பாதது இன்னா ஆபீஸு அண்ணாத்த? வா, நான் ஜாமீன் போடறேன்."

காளை வந்தது. இந்தக் கடன் தீர்ந்து வரும் நோட்டை எரிக்க மாட்டேன். சங்கத்துக் கதவிலேயே ஆணியடித்துத் தொங்கவிடுவேன்.