பச்சைக் கட்டத்தில் ஏழு குடங்கள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து பிறந்தது. அந்தப் படத்தை எடுத்த மடையன் நான்தான். கனவில் வந்தது, கற்பனையில் உதித்தது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதை எழுத உட்கார்ந்தால் கை இதை எழுதுகிறது. பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எங்கள் தெருவுக்கு இப்படியொரு நாள் வாய்த்ததே இல்லை!

மூன்று முதல் வரிகள் எழுதினேன். மூன்றையும் அப்படியே விட்டிருக்கிறேன், பாருங்கள்.

[திண்டுக்கல்லின் குறுகலான தெருவொன்றில் மின்சார வாகனப் புரட்சி நுழைந்தபோது மக்கள் மத்தியில்] — செய்தித்தாள் கட்டுரை. வேண்டாம்.

[பிரிஸ்கில்லாவின் கண்களில் ஒரு] — கண்களில் ஒன்றுமில்லை, தூக்கம்தான் இருந்தது. வேண்டாம்.

[ஏழு குடங்கள் ரோட்டில் நின்றன.] — இது தேவலை. ஆனால் குடங்கள் ஏன் நின்றன என்று சொல்லாமல் நகர்ந்தால், ஒரு நிருபர் செய்த தவறை நீங்களும் செய்துவிடுவீர்கள். ஆகையால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

2.

தெருவின் பெயரைக் கல்லுக்குழித் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். (உண்மைப் பெயரை எழுதினால் மாயக்காள் என்னைத் தெருவில் நடக்க விடமாட்டார். அவர் யாரென்று நான்காம் பகுதியில் சொல்கிறேன்.) ஆறு மாதத்துக்கு முன் இந்தத் தெருவில் ஒரு கம்பெனி சார்ஜ் கம்பம் நட்டது. இடுப்பளவு உயரம், ஒரே ஒரு பிளக். கம்பத்துக்கு முன்னால் ரோட்டிலேயே ஒரு வண்டி நிற்குமளவுக்குப் பச்சைப் பெயின்டில் கட்டம் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் போனில் ஆப்பைத் திறந்து, கட்டத்தில் வண்டியை விட்டு, சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

பிரிஸ்கில்லாவுக்கு அன்று திருவிழா. பதினொரு வருஷம் நூல் மில்லில் ஷிப்ட் பார்த்துவிட்டு, போன வருஷம் சித்திரையில் துணிந்து மின்சார ஆட்டோ வாங்கியவர். குடியிருப்பது மாடி வீடு. கீழே வண்டி நிறுத்த இடமில்லை. ஜன்னல் வழியாக ஒயரைத் தொங்கவிட்டால் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். கம்பம் வருவதற்கு முன் பைபாஸ் வரைக்கும் போய்த்தான் சார்ஜ் ஏற்றினார்.

"போக எட்டு கிலோமீட்டரு, வர எட்டுண்ணே. சார்ஜ் போடப் போறதுக்கே பாதி சார்ஜ் போயிருது. பள்ளிக்கூடப் பிள்ளைகள ஏத்துறதா, வண்டியத் தள்ளுறதா?" என்று ஒருநாள் கேட்டார். அன்றைக்கே கம்பம் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். இரண்டு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. தெருவில் எழுதத் தெரிந்தவன் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் எல்லா மனுவும் நம் தலையில்தான் விழும்.

3.

எல்லா மனுவும் என்றேனா? கம்பம் வேண்டாம் என்ற மனுவையும் நானேதான் எழுதினேன். கேட்டவர் அருளப்பன். பச்சைக் கட்டத்துக்கு நேர் எதிரே அவருடைய மளிகைக் கடை. தினமும் காலை ஆறு மணிக்கு வெங்காய மூட்டைகளுடன் சரக்கு வண்டி வந்து நிற்குமிடத்தில்தான் அந்தப் பச்சை பூசப்பட்டது.

இவரை வில்லனாக்கிவிடலாம் என்று நினைத்தேன். கதைக்கு வசதி. [அருளப்பன் மீசையை முறுக்கியபடி] என்று ஆரம்பித்தும் விட்டேன். அவருக்கு மீசையே கிடையாது.

தவிர, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஐப்பசி மழையில் அந்தக் கட்டத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் அதில்தான் நடந்து போவார்கள். அடுத்த தெருக் கல்யாணப் பந்தலில் சீரியல் செட் ஒயர் தண்ணீரில் கிடந்து ஓர் ஆடு துடித்துச் செத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"எனக்கு அந்தப் பிள்ள மேல கோவமா தம்பி? தண்ணிக்குள்ள கரண்ட நட்டு வச்சிருக்காங்ய. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது?"

மனுவை எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.*

* இரண்டு மனுவிலும் 'பொதுமக்கள் நலன் கருதி' என்ற அதே வரியைப் போட்டேன். இரண்டிலும் அது உண்மையாகத்தான் இருந்தது.

4.

இப்போது குடம். இந்த இடத்தை எழுதத்தான் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருக்கிறேன்!

எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருவது பல நாளைக்கு ஒருமுறை. எப்போது வரும் என்று தெரியாது. அதுவரை ஆள் நிற்க முடியுமா? குடம் நிற்கும். சிவப்பு மூடி ஒருவர், கைப்பிடியில் ரிப்பன் கட்டியது ஒருவர், நசுங்கியது ஒருவர். குடத்தைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம். அடுத்தவர் குடத்தை நகர்த்துவது இந்தத் தெருவில் யாரும் செய்யாத காரியம். அந்த வரிசைக்குப் பொறுப்பு மாயக்காள். யாரும் நியமிக்கவில்லை. இட்லிக் கடையை ஏழரைக்கு மூடிவிட்டு, குழாயடியில் நாற்காலி போட்டு உட்காருவார். அவ்வளவுதான், சட்டம் அமலுக்கு வந்துவிடும்.

போன மாதம் பிரிஸ்கில்லா சவாரி முடிந்து வந்தபோது கட்டத்தில் ஏதோ வெளியூர்க் கார். ஐந்து மணி நேரம் நகரவில்லை. மறுநாள் சவாரிக்குக் கிளம்பும்போது அவர் யோசிக்கவே இல்லை. தன் ஊதா பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து பச்சைக் கட்டத்தின் நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் அந்தக் குடத்துக்குப் பின்னால் ஒரு பக்கெட் இருந்தது. கூரியர் கொண்டுபோகும் செழியனுடைய பக்கெட். அவருடையது மின்சார ஸ்கூட்டர். அடுத்த நாள் மூன்று. இரண்டு வாரத்தில் ஏழு! (பக்கெட்டும் குடம்தான்.) மாயக்காள் நாற்காலியைக் குழாயடியிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டுக்கொண்டார். இரண்டு வரிசையும் கண்ணில் படவேண்டுமல்லவா?

ஆப்புக்குக் குடம் தெரியாது. பிளக் சொருகாதவரை அது 'காலி' என்றுதான் காட்டும். கொடைக்கானல் போகிற ஒருவர் அதை நம்பி வந்து, காரிலிருந்து இறங்கி, ஊதாக் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார். தெருவே வெளியே வந்துவிட்டது.

"அலோ, குடத்த எடுத்த எடத்துல வைங்க. போன்ல காலின்னா காலியா? ஆளு இருக்கு, கண்ணு தெரியல?" என்றார் மாயக்காள்.

கார்க்காரர் குடத்தை வைத்துவிட்டுக் கொடைக்கானலுக்கு, இருந்த சார்ஜோடு போய்விட்டார். போய்ச் சேர்ந்தாரா என்பது வேறு கதை. அதை நான் எழுதப்போவதில்லை.

5.

வியாழக்கிழமை. வெயில் சாய்ந்து ஏழு குடங்கள் மீதும் விழுந்தது. பின்னால் கம்பம். பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாயக்காளும் இரண்டு பெண்களும். எனக்குப் புல்லரித்தது. இத்தனை நாள் தண்ணீருக்கு நின்ற எங்கள் தெரு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே கரண்டுக்கும் நிற்கக் கற்றுக்கொண்டதே! படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். 'எங்கள் தெரு!' என்று மட்டும் எழுதினேன். எழுத்தாளன், சுருக்கமாக எழுதுகிறேனாம். அதைப் பார்த்த ஒரு நிருபர் படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ரோட்டில் காலிக்குடங்கள். பக்கத்தில் பெண்கள். தமிழ்நாட்டில் இந்தப் படத்துக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு என்பது எனக்கு உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பேப்பரில் என் படத்துக்கு மேலே தலைப்பு: 'சார்ஜிங் கம்பத்துக்குக் கடும் எதிர்ப்பு: காலிக்குடங்களுடன் பெண்கள் மறியல்'.

[நான் அப்போதே அந்த நிருபரைக் கூப்பிட்டுத் திருத்தியிருக்க வேண்டும், ஆனால்] — ஆனால் ஒன்றுமில்லை. பேப்பரில் என் படம் வந்திருக்கிறது என்று நாலு பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். மேலே எழுதியிருந்ததைப் படித்தது சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

6.

இன்று சனிக்கிழமை, காலை பதினொரு மணி. கம்பெனி ஜீப் வந்தது. பின்னால் கடப்பாரையுடன் ஒரு லாரி. ஜீப்பிலிருந்து இறங்கியவர் தேவதர்ஷினி என்ற இன்ஜினியர். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். குடங்களைப் பார்த்தவுடன் கை கூப்பிவிட்டார்.

"அம்மா, போராட்டத்தை விட்டுருங்க. உங்களுக்கு வேண்டாமுன்னா எடுத்துர்றோமுங்க. பைபாஸ்ல கேக்குறாங்க, அங்க நட்டுக்கிறோம்."

"ஆரு போராடுனா? இது வரிச," என்றார் மாயக்காள்.

"ஏனுங்க, பேப்பர்லயே வந்திருக்குதுங்களே?"

பேப்பரை விரித்தார். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் என் பெயர். தெரு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பிரிஸ்கில்லா மட்டும் பார்க்கவில்லை. லாரியில் இருந்த கடப்பாரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, பைபாஸுக்குப் போயிருச்சுன்னா நான் மறுபடி மில்லுக்குத்தேன்," என்றார், மெதுவாக.

அருளப்பன் கடைப் படியில் நின்றார். அவர் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும், கம்பம் போய்விடும், வெங்காய வண்டிக்கு இடம் கிடைத்துவிடும். நான் எழுதுகிற கதையாக இருந்தால் சும்மாதான் நின்றிருப்பார். இறங்கி வந்தார்.

"இந்தாங்கம்மா, கம்பம் வேணாம்னு மனுக் கொடுத்தவன் நான். இப்பவும் அதத்தேன் சொல்றேன். ஆனா இவுக போராடல. வண்டிக்கு எடம் போட்டுருக்காக. பேப்பர்ல போட்டது பொய்யி. பொய்ய வச்சுக் கம்பத்தப் புடுங்காதீக."

சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டியும் விட்டேன். யாரும் சேரவில்லை.

தேவதர்ஷினி யோசித்துச் சொன்னார்: "ஃபைல்ல அவரு மனு இருக்குதுங்க, இந்தப் பேப்பரும் இருக்குதுங்க. தெரு சார்பா ஒரு பக்கம் எழுதி, அவரும் கையெழுத்துப் போட்டாத்தான் நான் மேல பேச முடியும். அஞ்சு மணிக்கு வர்றேன். இல்லீன்னா திங்கக்கெழம கம்பம் போயிருமுங்க."

மாயக்காள் ஒரு வெள்ளைத்தாளை என் நெஞ்சில் வைத்து அழுத்தினார். "நீதான இழுத்து விட்ட? எழுதுப்பா."

7.

முடிவுகள் மூன்று தயார்.

(அ) அருளப்பன் கையெழுத்துப் போடுகிறார், பிரிஸ்கில்லா அழுகிறார், தெருவுக்கே மாயக்காள் இட்லி கொடுக்கிறார். எனக்கே கூச்சமாக இருக்கிறது. தவிர, மாயக்காள் யாருக்கும் சும்மா இட்லி கொடுத்ததில்லை.

(ஆ) கம்பம் பைபாஸுக்குப் போகிறது. மழையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் கம்பமே இல்லை. பிரிஸ்கில்லாவின் ஆட்டோவை யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். இதை எழுத எனக்கு மனமில்லை.

(இ) கம்பம் இருக்கிறது, ஐப்பசி வருகிறது, தண்ணீர் ஏறுகிறது, ஒரு பிள்ளை — இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். ஆனால் இதை நினைத்துப் பார்த்ததால்தான் தேவதர்ஷினிக்கு எழுதிய பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தேன்: கம்பத்தின் அடித்தளத்தை மூன்றடி உயர்த்திக் கட்ட வேண்டும். தண்ணீர் நிற்கும் நாட்களில் கம்பத்துக்கு வரும் கரண்டையே நிறுத்திவிட வேண்டும்.

8.

மணி நாலு இருபது. அருளப்பன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் கண்ணாடி போட்டு, நான் கொடுத்த பக்கத்தை விரல் வைத்துப் படிக்கிறார். வாசலில் பிரிஸ்கில்லா, மாயக்காள், செழியன்.

"எல்லாம் இருக்கு தம்பி. மழ இருக்கு, பிள்ளைக இருக்கு. என் வண்டி எங்க?"

மறந்துவிட்டேன்! பரபரப்பில் வெங்காய வண்டியைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து உள்ளே போனார். காலியான கடலை எண்ணெய் டின் ஒன்றோடு வந்தார். ரோட்டைக் கடந்து, பச்சைக் கட்டத்தில் ஊதாக் குடத்துக்கு முன்னால் அதை வைத்தார்.

"காலைல ஆறுலேருந்து ஏழு. அந்த ஒரு மணி நேரம் மட்டும் என் டின்னு முன்னால நிக்கணும். மத்த நேரம் ஒங்க பாடு. சம்மதம்னா சொல்லுங்க, கையெழுத்துப் போடுறேன்."

பிரிஸ்கில்லா கணக்குப் போடுவது தெரிந்தது. பள்ளிக்கூடச் சவாரி ஏழே காலுக்கு. "ஆறு மணிக்குள்ள வண்டிய எடுத்துட்டா எனக்குப் போதும்ண்ணே," என்றார்.

"ஒனக்குப் போதும். வரிசைக்குப் போதுமா?" மாயக்காள் ரோட்டைக் கடந்து டின்னுக்கு முன்னால் வந்துவிட்டார். "சார்ஜே போடாத டீசல் வண்டிக்கு இதுல என்னய்யா எடம்? இன்னைக்கு இவருக்கு விட்டா நாளைக்குப் பால் வண்டி டின்னு வைக்கும், கட்டட வேலைக்காரன் சட்டி வைப்பான். அப்புறம் என்னத்த வரிச?"

அவர் சொல்வதும் சரி. இதுதான் இந்தக் கதையின் தொல்லை, எல்லோரும் சரியாகவே பேசுகிறார்கள். அருளப்பன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். மாயக்காளின் கை டின்னுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அடுத்தவர் பாத்திரத்தை நகர்த்தக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்தானே! டின்னிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்க்கிறார்.

"ஏப்பா, நீதான எழுதுற. நீயே சொல்லு. எடுக்கவா, விடவா?"

இந்தத் தெருவுக்கு நான் எழுதியது போதும். ஏழு குடத்தையும் ஒரு டின்னையும் நீங்கள்தான் இப்போது முழுசாகப் பார்த்தீர்கள். தெருமுனையில் ஜீப் திரும்புகிற சத்தம் கேட்கிறது. எடுக்கவா, விடவா, சீக்கிரம் சொல்லுங்கள். பிரிஸ்கில்லாவின் வண்டியில் பதினொரு சதவீதம் சார்ஜ்தான் இருக்கிறது.