நாற்பத்தோராம் நம்பர் பாயசம்

பந்தலுக்குள் நுழைந்ததும் லோயிஸ் கண்ணில் பட்டது அவளுடைய கையெழுத்துதான். அடுக்கிவைத்த பாயச டின்களுக்குப் பின்னால் பாயசக் கம்பெனி முதலாளி சம்பத் அந்தக் காகிதத்தைத் தொங்கவிட்டிருந்தார். "பாயசத்தில் சேர்க்கும் நைசின் பொடி, பாலைத் தயிராக்கும் ஒரு நுண்ணுயிர் சுரப்பது. வயிற்றில் செரித்துவிடும். ஆபத்தில்லை. லோயிஸ் தியோடர், கெமிஸ்ட், 1979."

திருப்பதிக் கடைக்காரர்கள் பொடி என்றதும் பயந்தார்கள் என்று எழுதிக் கொடுத்தது. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் பொடி கிருமியைக் கொல்லும் என்று தெரிந்ததும், எச்சில் கையால் காக்கை ஓட்டாத சம்பத், ஒரு மணி நேரம் வேகவேண்டிய டின்களைக் கால் மணியில் இறக்கச் சொல்லிவிட்டார். விறகு மிச்சமாம். பொடிக்கு அடங்குவது சில கிருமிகள்தான். பேதி கொடுக்கும் கிருமிகள் அதைச் சட்டை செய்வதேயில்லை. நேற்றுச் சோதித்த நாற்பத்தோராம் நம்பர் சரக்கு முழுக்க அவைதான்.

"கொட்டிடுங்க" என்று நேற்றே சொன்னாள். "சரிம்மா" என்றார். கொட்டவில்லை. சித்தூர் சபையின் அறுப்பின் பண்டிகை விருந்துக்கு நன்கொடையாகக் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொண்டார். லோயிஸ் ஒரு டின்னைத் திருப்பிப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

பந்தியில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர், முன்னால் பாயசக் கிண்ணம். ஜெபம் முடியாமல் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். சபைப் போதகர் அசரியா ஐயர் கண்ணை மூடித் தொடங்கிவிட்டார். மழை, விளைச்சல், மந்திரிமார் என்று ஊரைச் சுற்றிவரும் ஜெபம் அது. நல்லவேளை.

கணவனின் காதில் சொன்னாள். தியோடருக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, குடியிருப்பதும் கம்பெனி வீடு.

"வேலை போனா வீடும் போச்சு. நம்ம யூனிஸ் கிண்ணத்த மட்டும் எடுத்துட்டு கம்னு இரு."

லோயிஸின் கை மகளின் கிண்ணத்தை நோக்கி நீண்டது. யூனிஸுக்குப் பக்கத்துப் பிள்ளை ஒற்றைக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. அவள் வெட்கிக் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயரே, நிறுத்துங்க! பாயசத்த யாரும் துன்னாதீங்க! சரியா வேகல!"

ஜெபத்தின் நடுவே யாரும் வாய் திறந்தறியாத சபை அது. எல்லோரும் கண் விழித்தார்கள்.

சம்பத் சிரித்தார். "இன்னாம்மா இது? ஆபத்தில்லன்னு நீயே எழுதிக் குடுத்துட்டு?"

ஐயர் குழம்பினார். "பொடி கெட்டதாம்மா, இல்லியா? ஒரே வார்த்தை சொல்லு."

"பொடி நல்லதுதாங்க, ஆனா..."

"அப்ப சரி." ஐயர் மறுபடி கண்ணை மூடினார். "இயேசுவின் நாமத்தில்..."

அடுத்து ஆமென். விளக்கிச் சொல்லக் கரும்பலகையும் அரைமணி நேரமும் வேண்டும். அவளிடம் ஒரு மூச்சுதான் இருந்தது.

"விஷம்! பொடி விஷம்!"

தாய்மார் அலறிக்கொண்டு பாய்ந்தார்கள். கிண்ணங்கள் கவிழ்ந்தன. ஒரு பிள்ளையும் வாயில் வைக்கவில்லை.

சம்பத் காகிதத்தைப் பிய்த்து நீட்டினார். "அப்ப இது பொய்யா?"

படித்த படிப்பெல்லாம் அந்த நாலு வரியில் இருந்தது. "பொய்தாங்க" என்றாள். தியோடர் தலையில் கைவைத்துக்கொண்டான்.

ஐயர் வருத்தத்தோடுதான் சொன்னார். "பொய்ச்சாட்சி எழுதினவளுக்கு நற்கருணை அப்பம் கிடையாதும்மா. எத்தினி நாளுன்னு கமிட்டி சொல்லும்."

உண்மையைக் கொட்டிவிட நாக்கு துடித்தது. மேசைமேல் இன்னும் திறக்காத டின்கள் இருந்தன. பொடி நல்லது என்றால் அவற்றையும் திறந்துவிடுவார்கள்.

"சரிங்க ஐயரே" என்றாள்.