கூப்பிட ஒரு சொல்

குதிரை மேல் ஏறி உட்கார்ந்ததும் அவருடைய வலது கால் தானாக பிரேக்கைத் தேடியது. இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிற கால். தேடிய இடத்தில் காற்றுதான் இருந்தது.

"கடிவாளத்தை இப்படி இறுக்காதீங்க சார். இவளுக்கு வழி தெரியும். நீங்க சும்மா உட்கார்ந்து வந்தா போதும்" என்றார் குதிரைக்காரர். சும்மா உட்கார்ந்து வருவதுதான் டிரைவருக்குப் பழக்கமில்லாத வேலை.

முன்னால் குதிரைக்காரர், அவருக்குப் பின்னே கறுப்புக் குதிரையில் மனைவி, அடுத்து செவலைக் குதிரையில் சிறுமி, கடைசியாகக் கிழட்டுச் சாம்பல் குதிரையில் இவர். லாயத்தைத் தாண்டியதும் காடு வந்துவிட்டது. வெயில் இலைகளில் வடிகட்டப்பட்டு, கீழே வரும்போது பச்சைத் தண்ணீர் போலாகியிருந்தது. மரங்களிலிருந்து வேர்கள் அவிழ்ந்த கூந்தலாகத் தொங்கின. எப்போதோ பெய்த மழை இன்னும் இலைக்கு இலை இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. குதிரைகளின் குளம்பொலியை ஈர மண் விழுங்கிவிட்டதால், தாங்கள் நடக்காமல் மிதந்து போவதாகவே அவருக்குத் தோன்றியது.

கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள்; காலை முதல் வண்டியில் அவருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையில் நாலு வருஷம் வந்தவள். அவளோடு பத்து வயதுப் பெண்ணும் அவர் வீட்டுக்கு வந்தாள். 'அப்பா' என்ற சொல் ஏற்கெனவே துண்டு போட்டுப் பிடித்த இடம். அவளைப் பெற்ற அந்த ஆள் வேறு ஊரில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் வருகிறார். சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தாள் தாய். "சித்தப்பான்னா அப்பாவோட தம்பி. இவர் யாருக்குத் தம்பி?" என்று கேட்டாள் பெண். மாமா, அங்கிள் எதுவும் எடுபடவில்லை. எல்லாம் மொட்டைப் பேச்சுதான். 'பேனா வேணும்', 'சாப்பாடு ரெடியாம்', 'கதவு திறந்திருக்கு' என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். வீம்பு என்று நினைத்து அவரும் விட்டுப்பிடித்தார். உள்ளே மட்டும் ஒரு சின்ன முள். இந்த விடுமுறைப் பயணமே அந்த முள்ளை எடுக்கத்தான் என்பது மனைவிக்குத் தெரியும், சொல்லவில்லை.

மேடு ஏறியதும் மூடுபனி வந்தது. முதலில் மனைவியின் நீல மழைக்கோட்டு கரைந்தது, பிறகு செவலையின் வால். அந்த நேரம் பார்த்துச் சாம்பல் குதிரை நின்று, கால்களை அகட்டி, நிதானமாக மூத்திரம் பெய்தது. அவசரமே இல்லை அதற்கு. அவரும் கண்ணை மூடிக்கொண்டார். எங்கோ ஒரு பறவை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. இருந்தாற்போல் இருந்து மனதில் நிம்மதி பரவியது. எந்த நிறுத்தத்திலும் யாரும் ஏற வேண்டாம், இறங்க வேண்டாம்.

கண் திறந்தபோது பாதை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. வலப்பக்கம் தூரத்தில் நீலமாக ஏதோ அசைந்தது. மனைவிதான். அவளுக்குப் பின்னால் செவலை இல்லை.

"பாப்பா!" என்று கத்தினார். பஞ்சு மூட்டையில் குத்தியது போல் சத்தம் அமுங்கியது. "பாப்பா!" பதில் இல்லை. வலப்பக்கம் இழுத்தார், சாம்பல் மசியவில்லை, இடப்பக்கமே தலையைத் திருப்பியது. இரண்டு முறை மல்லுக்கட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் கடிவாளத்தைத் தளர விட்டார். குதிரை பெருமூச்சு விட்டு இறங்கத் தொடங்கியது. ஈரப் பாசி முகத்தில் உரசியது. அவர் கும்பிடாத சாமி இல்லை.

கீழே ஓர் ஓடை. நடு ஓடையில் செவலை நின்று, மிதந்து வந்த பழங்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. மேலே, பிடரியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி அவள். சுற்றிலும் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் பறந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை.

"பயந்துட்டியா?"

இல்லை என்று தலையாட்டினாள். பிறகு ஆமாம் என்று ஆட்டினாள்.

"நான் கத்தினது கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் பேசாம இருந்தே? ஒரு குரல் குடுத்திருந்தா பறந்து வந்திருப்பேனே!"

அவள் குதிரையின் காதையே பார்த்தாள். "என்னன்னு கூப்பிடறது?"

"அம்மா சொன்னதெல்லாம் வாய் வரைக்கும் வந்துச்சு. பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

அப்படியானால் வீம்பில்லை. எட்டு மாதமாக இந்தப் பிள்ளை தேடிக்கொண்டிருந்திருக்கிறது. இறங்கி, முழங்கால் தண்ணீரில் ஷூவோடு நடந்துபோய்ச் செவலையின் கழுத்தைத் தட்டினார். அவளைத் தொடவில்லை.

"மெதுவா யோசி. ஒண்ணும் அவசரம் இல்ல. நடுவுல ஆபத்துன்னா மட்டும் 'ஏய்'னு கத்து, திரும்பிப் பார்ப்பேன். பஸ்ல பாதிப் பேர் என்னை அப்படித்தான் கூப்பிடறாங்க."

களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. இரண்டையும் ஒரே புறங்கையால் துடைத்தாள்.

மேலே விசில் சத்தம் கேட்டது. இருவரும் ஏறி வந்தபோது, பாதை பிரியும் இடத்தில் மனைவி குதிரையிலிருந்து இறங்கி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. குதிரைக்காரர் செவலையைத் திட்டித் தீர்த்தார். "எங்கடி போனீங்க ரெண்டு பேரும்?" என்றாள் தாய்.

"பழம் சாப்பிடப் போனோம்" என்றாள் பெண். மனைவி கணவனைப் பார்த்தாள். அவர் நனைந்த ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

பனி விலகி, காடு மறுபடி பச்சையானது. ஒரு மணி நேரத்தில் ஆறு வந்தது. மேலே எங்கோ அருவி. அதன் இரைச்சலில் குதிரைக்காரர் கையசைத்தே வழி சொன்னார். ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும். குதிரைக்காரரும் மனைவியும் அக்கரை சேர்ந்தார்கள். செவலை இறங்கியது. பாதி ஆற்றில், நீர்த்தூசியில் வெயில் பட்டுத் தெறித்த இடத்தில், சிறுமி சேணத்தில் உடம்பைத் திருப்பி இவரைப் பார்த்தாள். வாய் ஒரு முறை திறந்து மூடியது. சின்னச் சொல்தான். அருவிச் சத்தம் அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"இதோ வந்துட்டேன்!" என்று இவர் பலம் கொண்ட மட்டும் கத்தினார். சாம்பல் குதிரை ஒரு கணம் நீரை முகர்ந்துவிட்டு, முன்னங்காலை ஆற்றுக்குள் வைத்தது.